மிச்சத் தட்டு

ஆகஸ்ட் 28, புதன்

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் கூடவே ஒரு யோசனையும் சொன்னார். எரிச்சல் வந்தால் யாரிடமும் கத்தாமல் எழுதி வைக்க வேண்டுமாம். உரக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்றைக்கு அதற்கு வேலை வந்துவிட்டது.

காலையில் துறைத்தலைவர் குழந்தைவேல் கூப்பிட்டார். மெக்கானிக்கல் துறையில் அவருக்குக் கீழே இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அவர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டால் என் தலையில் ஏதோ விழப்போகிறது என்று தெரியும்.

"சென்னியப்பன், முதல் வருசப் பசங்களுக்கு ரெண்டு வாரம் அறிமுக வகுப்பு. நம்ம துறைக்கு நீங்கதான் பொறுப்பு."

"போன வருசமும் நான்தானுங்க சார்."

"அதான் சொல்றேன். அனுபவம் இருக்குதில்ல."

அறுபது இடத்துக்குப் பதினான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அறிமுக வகுப்பு முடிகிற செப்டம்பர் 14 மாலை நான்கு மணி வரைக்கும் யார் வேண்டுமானாலும் வேறு துறைக்கு மாறிக்கொள்ளலாம். அப்போது பத்துப் பேருக்குக் குறைந்தால் இந்த வருடம் மெக்கானிக்கல் முதலாண்டு கிடையாது, இருக்கிறவர்களையும் மற்ற துறைகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. "அப்ப நாமளுங்க சார்?" என்று கேட்டேன். அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

மகள் நிரஞ்சனாவுக்கும் திங்கட்கிழமை இதே கல்லூரியில்தான் முதல் நாள். கம்ப்யூட்டர் சயின்ஸ். ஊழியர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம். என் ஸ்கூட்டரில் வந்து, கல்லூரி வாசலுக்குச் சற்று முன்னாலிருக்கும் பேக்கரியில் இறங்கிக்கொள்வாள். வாத்தியார் பெண் என்றால் கூச்சம் இருக்கும்தானே.

வீட்டில் தண்ணீர் மோட்டார் முக்கி முனகுகிறது. "மெக்கானிக்கல் வாத்தியார் ஊட்டு மோட்டார் இப்படிக் கத்துனா தெருவே சிரிக்குமுங்க" என்றாள் பூங்கொடி. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றேன். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

பெரிய அரங்கில் வரவேற்பு. சேலத்திலிருந்து ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்து எல்லோரையும் கண்ணை மூடி எதிர்காலத்தைப் பார்க்கச் சொன்னார். பாதிப் பேர் பார்த்தார்கள், பாதிப் பேர் தூங்கினார்கள். எங்கள் பதினான்கு பேரும் கடைசி வரிசையில், கல்யாண வீட்டில் யாருக்குச் சொந்தம் என்று தெரியாத ஆட்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு அவர்களைத் துறைக்குக் கூட்டி வந்து என் வழக்கமான உரையை ஆற்றினேன். குண்டூசி முதல் ராக்கெட் வரை எல்லாம் மெக்கானிக்கல்தான் என்று ஆரம்பிக்கும். குண்டூசி வரும்போதே முன் வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். மௌனிகா என்றொரு பெண் இருக்கிறாள். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். உரை முடிவதற்குள் மூன்று பக்கத்து ஆட்களுடன் சிநேகமாகிவிட்டாள்.

கேள்வி கேட்கலாம் என்றேன். திருச்செங்கோட்டுப் பையன் பிரகதீஷ் எழுந்தான். பாடத்தில் கேட்பான் என்று நினைத்தேன்.

"சார், உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு."

"என்னங்க சார் படிக்கறாங்க?"

"இன்ஜினியரிங்தான்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். மௌனிகா குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். வகுப்பை முடித்துவிட்டேன். பொய் எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு யோகா. மாணவர்களுக்கு முன்மாதிரியாக நானும் குனிந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 4, புதன்

குண்டூசியும் ராக்கெட்டும் சாதிக்காததைப் பழைய டேபிள் ஃபேன் சாதித்துவிட்டது.

பழைய இரும்புக் கடையில் வாங்கிப் போட்ட ஃபேன்கள் ஆய்வகத்தில் இருக்கின்றன. மூன்று நான்கு பேருக்கு ஒன்று கொடுத்து, முழுசாகக் கழற்றி, பார்த்து, திரும்ப மாட்ட வேண்டும் என்று சொல்வேன். ஒருவரும் ஸ்க்ரூ டிரைவரை ஒழுங்காகப் பிடிக்கவில்லை. ஒருவன் ஊசி போடுவதைப் போலப் பிடித்தான். ஆனால் பின்பக்க மூடியைத் திறந்து, ஃபேன் தலையாட்டுவதற்கான பல்சக்கரத்தைப் பார்த்ததும் மௌனிகா கத்தினாள்.

"சார், உள்ள அவ்ளோ வேகமா சுத்தறதேதான் தலைய இவ்ளோ மெதுவா ஆட்டி வெக்குதுங்களா? இதுக்குத் தனி மோட்டார் இல்லீங்களா?"

எல்லோரும் ஓடி வந்து பார்த்தார்கள். கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நானும் இருபத்திரண்டாவது தடவையாகப் பார்த்தேன். எனக்கு அது இன்னும் சலிக்கவில்லை, அது என் பிரச்சினை.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மேசை மேல் ஓர் எவர்சில்வர் தட்டு வைப்போம். அதற்கு மிச்சத் தட்டு என்று பெயர். திரும்ப மாட்டி முடித்த பிறகு கையில் ஏதாவது மிஞ்சினால், அதைத் தட்டில் போட்டுவிட்டு எல்லோர் முன்னாலும் "இது எங்களோடது" என்று சொல்ல வேண்டும். மிஞ்சியதற்கு மார்க் குறைக்க மாட்டோம். ஒளித்துவைத்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொண்டால்தான் ஃபேனை அடியிலிருந்து மறுபடி கழற்ற வேண்டும். ஃபேன் ஓடுகிறதே என்று வாதாடக் கூடாது. எதுவும் கொஞ்ச நாளைக்கு ஓடத்தான் செய்யும் என்று அவர்களுக்கு விளக்கினேன்.

மௌனிகா குழுவுக்கு இரண்டு திருகும் ஒரு ஸ்பிரிங்கும் மிச்சம். பெருமையாகவே போட்டாள். பிரகதீஷ் குழு ஒன்றும் மிஞ்சவில்லை என்றது. ஃபேனும் ஜோராக ஓடியது.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். கேக் வெட்டினார்கள், முகத்தில் பூசப் பார்த்தார்கள், தப்பித்தேன். எல்லோரும் போன பிறகு பிரகதீஷ் வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு திருகை எடுத்து நீட்டினான்.

"எங்களோடதுங்க சார். நேத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். ஃபேன் ஓடுச்சு. ஆனா தூக்கம் வரலீங்க."

அவனே ஃபேனைக் கழற்றி மாட்டினான், மதியச் சாப்பாட்டுக்குக் கூடப் போகவில்லை. இந்தப் பையன் இன்ஜினியர்தான். பேனாவும் ரோஜாவும் எத்தனையோ வந்தன, எனக்கு இந்தத் திருகுதான் ஆசிரியர் தினப் பரிசு.

இரண்டு பேர் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிவிட்டார்கள். பன்னிரண்டு.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை வேகும் நேரத்தில் மோட்டாரைப் பார்த்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கழற்றித் துடைத்து மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை, தண்ணீர் மேலே ஏறுகிறது. கீழே பார்த்தேன். ஒரு வாஷர் கிடந்தது.

நிரஞ்சனா பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, ஏதாச்சும் மிச்சம் ஆச்சா?"

"இல்ல கண்ணு" என்றேன். வாஷர் அதற்குள் சட்டைப் பைக்குள் போயிருந்தது. அவள் சிரித்தபடி உள்ளே போனாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பெண்ணுக்கு இந்தக் கேள்வி கேட்க எங்கிருந்து தெரிந்தது என்று தெரியவில்லை. கொழுக்கட்டை நன்றாக இருந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

பிரகதீஷின் அப்பா அர்த்தநாரி வந்திருந்தார். போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறவர். வெள்ளை வேட்டி, நகத்தில் மட்டும் போகாத கறுப்பு.

"ஏனுங்க சார், ஆந்திரா ஒடிசான்னு வண்டியோட சுத்திக் கிரீஸ் பூசுனது நானு. பையனாவது ஏசி ரூம்ல உக்காரட்டும்னு பாக்கறேன். அவன் என்னடான்னா ஃபேனக் கழட்டுனேன்னு வீடியோ அனுப்பறான். கம்ப்யூட்டருக்கு மாத்தி உட்ருங்க."

பிரகதீஷ் வெளியே ஜன்னலோரம் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பேச்சு கொட்டியது. வண்டித் தொழிற்சாலை, காற்றாலை, ரோபோ என்று ஒன்று விடவில்லை. அவர் அசையவில்லை. கடைசியாகச் சொன்னேன்:

"என் சொந்தப் பொண்ணையே நான் மெக்கானிக்கல்லதானுங்க சேத்தியிருக்கறேன்."

அவர் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அதச் சொல்லுங்க மொதல்ல. வாத்தியார் நீங்களே சேத்தியிருக்கறீங்கன்னா எனக்கு வேற என்ன வேணும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பேச்சு வேகத்தில் வந்துவிட்டது. ஒரு நல்ல பையனுக்காகத்தான். இரவுச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. சுரைக்காய்க் கூட்டில் உப்புக் கம்மி.

செப்டம்பர் 10, செவ்வாய்

கூட்டில் உப்பு சரியாகத்தான் இருந்தது என்று பூங்கொடி சொல்கிறாள். ஒருவன் சிவிலுக்குப் போய்விட்டான். பதினொன்று.

செப்டம்பர் 11, புதன்

ஐஸ்கிரீம் குச்சியில் பாலம் கட்டும் போட்டி. எங்கள் பிள்ளைகள் கட்டிய பாலம் ஒன்பது செங்கலைத் தாங்கியது. பத்தாவது செங்கலை மௌனிகா ஆர்வக் கோளாறில் வைத்தாள். ஏன் உடைந்தது என்று ஒரு மணி நேரம் அவர்களே சண்டை போட்டார்கள். முதல் பரிசு சிவில் துறைக்குப் போனது, ஆனால் அவர்கள் அப்படிச் சண்டை போடவில்லை.

பூங்கொடி துணி துவைக்கும்போது என் சட்டைப் பையிலிருந்து வாஷரை எடுத்து, இந்த டைரிமேல் வைத்திருக்கிறாள். "இது யாரு ஃபேனுதுங்க?" என்று கேட்டாள். மோட்டாருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது என்றும் சொன்னாள். இரண்டையும் அவள் சேர்த்துச் சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

மதிய இடைவேளையில் ஆய்வகப் பக்கம் போனேன். உள்ளே மௌனிகா, பிரகதீஷ், அவர்கள் நடுவில் நிரஞ்சனா. கையெல்லாம் கிரீஸ். ஃபேனின் பல்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகவில்லை. கைப்பேசி அடித்தது போல இருந்தது, எடுத்துப் பார்த்தேன், யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. இவளுக்கு இதில்தான் ஆசை போலிருக்கிறது. கலந்தாய்வுக்குத் துறைகளை வரிசைப்படுத்திய அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். ஊரார் பிள்ளைகளை இழுத்து இழுத்து இங்கே உட்கார வைக்கிறேன், சொந்தப் பிள்ளையின் ஆசையைக் கேட்கவே இல்லை. நாளைக்குக் கேட்டுவிட வேண்டும். நாளை மறுநாள் வரை மாறலாம். அவள் மாறினால் அர்த்தநாரியிடம் சொன்னதும் பொய்யாக இருக்காது. இந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டிருக்கலாம்.

இன்னொரு பெண் எலெக்ட்ரானிக்ஸுக்குப் போய்விட்டாள். சரியாகப் பத்து.

செப்டம்பர் 13, வெள்ளி

பேக்கரியில் ஸ்கூட்டரை நிறுத்தி, அவளை உட்கார வைத்து, இரண்டு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி முழுக்கத் தயார் செய்த பேச்சை ஆரம்பித்தேன். அப்பா உன் ஆசைக்குக் குறுக்கே நிற்க மாட்டேன், மெக்கானிக்கல் வேண்டுமென்றால் இன்றைக்கே மாறிக்கொள், எனக்குப் பெருமைதான் என்றெல்லாம் சொன்னேன்.

நிரஞ்சனா பன்னை மென்றுகொண்டே கேட்டாள். "அப்பா, யாருக்கு மெக்கானிக்கல் வேணும்?"

"உனக்குத்தான் கண்ணு. நேத்து ஆய்வகத்துல பாத்தேன்."

"அது மௌனிகா கூப்பிட்டா, போனேன். நல்லாத்தான் இருக்குது. ஆனா எனக்கு ப்ரோகிராம் எழுதத்தான் பிடிக்கும். நானா பாத்து நானா எடுத்தது. நீங்க சேத்திவிட்டதா நெனச்சுட்டு இருக்கீங்களா?"

நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். குற்ற உணர்ச்சியில் கூட எனக்கு இடமில்லாமல் போய்விட்டது.

"அப்ப என்மேல ஒரு வருத்தமும் இல்லியா?"

"இருக்குது" என்றாள். "பேக்கரி."

"பேக்கரியா?"

"தினமும் இங்கதான எறக்கி விடறீங்க. எனக்குக் கூச்சம்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்க. எனக்கு என்னப்பா கூச்சம்? உங்களுக்குத்தான் என்னைய உங்க பசங்க பாத்துரக் கூடாது."

தேங்காய் பன் அப்படியே கையில் இருந்தது. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அவங்களுக்கு மொத நாளே தெரியும். மௌனிகா என் ஸ்கூல்தான். நீங்க எப்ப இத மிச்சத் தட்டுல போடுவீங்கன்னு பப்ஸ் பந்தயம் கட்டியிருக்காங்க. பாதிப் பேர் நீங்க போட மாட்டீங்கன்னு கட்டியிருக்காங்க."

"நீ எதுல கட்டியிருக்கற?"

அவள் பையை மாட்டிக்கொண்டு நடந்து போனாள். அவள் வாசலில் நுழையும் வரை நான் வழக்கம்போல அங்கேயே நின்றிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அவளே எடுத்ததுதான் என்றாலும், மெக்கானிக்கல் என்று அவள் கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும். நாளைக்குப் பெற்றோர் கூட்டம். அர்த்தநாரி வருகிறார். உண்மையைச் சொன்னால் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், ஒன்பதாகிவிடும், மீதி ஒன்பது பேரின் படிப்பும் என் வாயால் போகும். சொல்லாவிட்டால் ஒரு மனிதர் என் பொய்யை நம்பித் தன் பிள்ளையின் நான்கு வருடத்தைக் கொடுத்துவிடுவார். மாத்திரை போட்டுக்கொண்டேன். டாக்டர் யோசனையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

செப்டம்பர் 14, சனி

கூட்டம் பதினொரு மணிக்கு. பத்துப் பிள்ளைகளும் பெற்றோர்களும் ஆய்வகத்தில். குழந்தைவேல் சார் துறையின் பெருமையைப் பேசிவிட்டு, "இப்ப சென்னியப்பன் பேசுவார்" என்று உட்கார்ந்தார்.

பிள்ளைகள் மாட்டிய ஃபேன்கள் வரிசையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தன. நான் மிச்சத் தட்டை மேசை நடுவில் இழுத்து வைத்தேன். தட்டைப் பற்றிப் பெற்றோர்களுக்கு விளக்கினேன். பிறகு சட்டைப் பையிலிருந்து வாஷரை எடுத்துப் போட்டேன். அவ்வளவு சின்ன வாஷர் அவ்வளவு சத்தம் போடும் என்று நினைக்கவில்லை.

"இது எங்க வீட்டு மோட்டாரோடது. எங்க இருந்து வந்ததுன்னு தெரியாம ஒளிச்சு வெச்சுட்டேன். இப்ப ஒழுகுது. இன்னொண்ணும் ஒளிச்சு வெச்சிருக்கறேனுங்க. என் பொண்ணு இதே காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கறா. மெக்கானிக்கல் இல்ல."

குழந்தைவேல் சார் மின்விசிறியைப் பார்த்தார்.

அர்த்தநாரி எழுந்து நின்றார். "அப்ப என்ரகிட்ட சொன்னதுங்க?"

"பொய்யிங்க."

தட்டைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னேன். "அவ மெக்கானிக்கல் கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். வேலை மெதுவாத்தான் கெடைக்கும். ஆரம்பத்துல சம்பளம் கம்மி. எண்ணெயிலயும் சத்தத்துலயும் நிக்கோணும். உங்களுக்கு இருக்கற பயந்தான் எனக்கும். இந்தப் படிப்பு நல்ல படிப்பு, அது பொய்யில்ல. இந்தப் பசங்களுக்கு இது வரும், அதுவும் பொய்யில்ல. ஆனா பயத்தையும் சேத்துச் சொல்லியிருக்கோணும். சொல்லாம உட்டுட்டேன். நாலு மணி வரைக்கும் மாறலாமுங்க."

அர்த்தநாரி பையனைப் பார்த்தார். "எந்திரி. போலாம்."

பிரகதீஷ் எழுந்தான். ஆனால் நகரவில்லை.

"அப்பா, சார் பொண்ணு கம்ப்யூட்டர்னு எனக்கு மொத நாளே தெரியுமுங்க."

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லுல?"

"சொன்னா மாத்தி உட்ருவீங்க. சார் பொண்ணு எதப் படிச்சா எனக்கென்னங்கப்பா? அவிங்களுக்கு அது பிடிச்சிருக்குது. எனக்கு இது பிடிச்சிருக்குது. நீங்க கிரீஸ் பூசுனதத்தான் நான் சின்னதுல இருந்து பாத்துட்டு இருந்தேன். எனக்கு அது பிடிச்சுத்தான் பாத்தேன்."

அர்த்தநாரி தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாக இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நிற்பது தெரிந்தது. ஒரு பெண்ணின் அம்மா என்னைப் பார்த்து, "இதையெல்லாம் எங்களுக்கு யாருமே சொல்லுலீங்க சார், இப்பவாச்சும் சொன்னீங்களே" என்றார். பாராட்டா, திட்டா என்று விளங்கவில்லை. இரண்டுக்கும் நான் தகுதியானவன்தான்.

கூட்டம் முடிந்து வெகுநேரம் கழித்து அர்த்தநாரி மட்டும் உள்ளே வந்தார். "பையன் ஆசைக்காக உடறேனுங்க. உங்களுக்காக இல்ல" என்றார். சரிங்க என்றேன். போகும்போது வாசலருகே இருந்த ஃபேன்முன் கொஞ்ச நேரம் நின்றார். "இது அவன் மாட்டுனதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காற்று வாங்கிவிட்டுப் போனார்.

நான்கு மணி. பத்துப் பேர். குழந்தைவேல் சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "ஏனுங்க, இதக் கொஞ்சம் நாசூக்காச் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு நெஞ்சே நின்னு போச்சு" என்றார். அவருக்கும் டைரி எழுதச் சொல்லி யோசனை கூறினேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மோட்டாரைத் திரும்பக் கழற்றினேன். நிரஞ்சனா டார்ச் பிடித்தாள். வாஷர் எங்கே போக வேண்டுமென்று அவள்தான் கைப்பேசியில் படம் தேடிக் கண்டுபிடித்தாள். மாட்டி முடித்ததும் பூங்கொடி சமையலறையிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தேடித் தேடிப் பார்த்தோம், ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தத் தட்டிலேயே வடை போட்டுக் கொடுத்தாள்.

பந்தயத்தில் எதன்மேல் கட்டினாய் என்று மறுபடியும் கேட்டேன். "மூணு பப்ஸ் செயிச்சிருக்கேன்" என்றாள்.

செப்டம்பர் 16, திங்கள்

முறையான வகுப்புகள் இன்று ஆரம்பம். பேக்கரி வந்தது. நிரஞ்சனா பழக்கத்தில் இறங்கத் தயாரானாள். நான் நிறுத்தவில்லை. பேக்கரிக்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார்.

கல்லூரி வாசலுக்குள் ஸ்கூட்டரை விட்டேன். மெக்கானிக்கல் பிள்ளைகள் பத்துப் பேரும் கொடிக்கம்பத்தடியில் காத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மௌனிகா ஏதோ சைகை காட்ட, எல்லோரும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். பிரகதீஷ் மிச்சத் தட்டை எடுத்து வந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாடியிலிருந்து வரிசையாகத் தலைகள் எட்டிப் பார்த்தன.

நிரஞ்சனா என் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அப்பா, நாளையிலிருந்து நான் பேக்கரியிலயே எறங்கிக்கறேன்."

முடியாது என்று சொல்லிவிட்டேன்.